ஐந்து பெயர் போட்ட சார்ட்டும் ஒரு எலக்ட்ரிக் காரும்

நம் பள்ளிகளில் ‘குழுச் செயல்பாடு’ எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் ஐந்து ஐந்து பேராகப் பிரித்துவிடுவார். கையெழுத்து நன்றாக வரும் ஒரு பெண் ராத்திரி உட்கார்ந்து சார்ட் எழுதுவாள். வரையத் தெரிந்தவன் ஒருவன் ஓரத்தில் பூ போடுவான். மீதி மூன்று பேர் ஸ்கெட்ச் பேனாவுக்குக் காசு கொடுத்திருப்பார்கள், சில சமயம் அதுவும் இருக்காது. மறுநாள் சார்ட்டின் கீழே ஐந்து பெயர், ஐந்து பேருக்கும் ஒரே மதிப்பெண். அந்த மூன்று பேரைத் திட்டி என்ன பயன்? ஒரு ஆள் போதுமான வேலையை ஐந்து பேருக்குக் கொடுத்தால், மற்றவர்கள் ஒதுங்கி நிற்பதுதான் புத்திசாலித்தனம். பிள்ளைகள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஒரே ஆளால் முடிக்க முடியாத வேலை கைக்கு வந்தால்தான் குழு என்ற ஒன்று உண்டாகும். பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளை எலக்ட்ரிக் கார் செய்யவைப்பதன் பின்னால் இருக்கும் யோசனை இதுதான். பிரிட்டனில் கிரீன்பவர் என்ற கல்வி அறக்கட்டளை 1999 முதல் இதை நடத்திவருகிறது. ஒருவர் மட்டும் உட்காரும் 24 வோல்ட் கார். எல்லாப் பள்ளிக்கும் ஒரே மோட்டார், ஒரே மாதிரி பேட்டரி. பணக்காரப் பள்ளி பெரிய மோட்டார் வாங்கி ஜெயித்துவிட வழியில்லை. வண்டியின் உருவம், எடை, ஓட்டுகிற விதம், பழுது வந்தால் எவ்வளவு சீக்கிரம் சரிசெய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் காட்டியாக வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே சோலார் கார் போட்டி 1990-களிலிருந்து நடக்கிறது.

நம் நாட்டில் இதுபோல அதிகம் பேசப்படும் பாஹா, ஃபார்முலா பாரத் போட்டிகள் எல்லாம் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கானவை. அங்கே போய்ச் சேரும் பிள்ளை அதற்குள் பன்னிரண்டு வருஷம் தனியாகப் பரீட்சை எழுதிப் பழகிவிட்டது. பக்கத்து பெஞ்சை எட்டிப் பார்த்தால் காப்பி என்று அடி வாங்கிய பிள்ளையிடம், பதினெட்டு வயதில் ‘கலந்து பேசி முடிவெடு’ என்றால் எங்கிருந்து வரும்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பள்ளி இதைச் செய்ய நினைத்தால் என்னென்ன வரும், எதைக் கவனிக்க வேண்டும் என்று பார்க்கலாம்.

எட்டுப் பேர் இழுத்தால் நாலு பேர் பலம்

முதலில் ஒரு பழைய சோதனை. மாக்சிமிலியன் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1880-களில் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்தார். முடிவுகள் 1913-இல் வெளிவந்தன. எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது, ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும் பலத்தில் ஏறக்குறைய பாதிதான் கயிற்றில் வந்தது. ஆள் கூடக் கூட மொத்த பலம் கூடியது, ஆனால் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு குறைந்துகொண்டே போனது.

மீதிப் பலம் எங்கே போனது? எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காமல் முன்பின்னாக இழுத்ததில் கொஞ்சம் வீணாகியிருக்கும். இன்னொரு காரணமும் இருந்தது. 1974-இல் அமெரிக்காவில் கண்ணைக் கட்டிவிட்டு இதே சோதனையைச் செய்தார்கள். பின்னால் ஆட்கள் இருப்பதாகச் சொல்லிவிட்டு, உண்மையில் ஒருவரும் இழுக்காமல் விட்டார்கள். முன்பின்னாக இழுப்பதற்கு அங்கே ஆளே இல்லை. அப்படியும் அந்த ஒற்றை ஆள் பலத்தைக் குறைத்துக்கொண்டார். நாலு பேர் இருக்கிறார்களே என்ற நினைப்பே கையைத் தளர்த்திவிடுகிறது.

குளச்சல், முட்டம் பக்கம் கரமடி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது இரண்டும் எப்படிச் சரிசெய்யப்படுகிறது என்று தெரியும். வலையின் இரண்டு முனைக் கயிறுகளையும் இரண்டு கூட்டம் கரையிலிருந்து இழுக்கும். ஒரு பக்கம் வேகமாக வந்து இன்னொரு பக்கம் பின்தங்கினால் வலையின் வாய் கோணிக்கொள்ளும், மீன் போய்விடும். அதனால் கூப்பாடும் பாட்டும் தாளமும் வேண்டியிருக்கிறது. அது முன்பின்னாக இழுக்கும் நஷ்டத்துக்கு மருந்து. கை தளர்வதற்கு மருந்து வேறு: யார் இழுக்கிறார், யார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா வருகிறார் என்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும், மாலையில் பங்கு பிரிக்கும்போது அதற்குப் பேச்சும் இருக்கும்.

பள்ளியில் இந்த இரண்டு நோய்க்கும் ‘ஒற்றுமையே பலம்’ என்ற ஒரே கஷாயத்தைக் கொடுக்கிறோம். கார் செய்யும் வேலையில் தாளத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும், தளர்ச்சிக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

எடையும் கரண்டும் பொதுப் பணம்

நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஒரு வண்டி செய்யத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. 12 வோல்ட், 35 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி இரண்டு. பெருக்கிப் பார்த்தால் 840 வாட்-மணி வருகிறது, அதாவது 840 வாட் வீதம் ஒரு மணி நேரம் எடுக்கும் அளவு. பிள்ளைகள் சந்தோஷமாக எழுதிக்கொள்வார்கள். ஆனால் அந்த 35 என்பது இருபது மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் கிடைக்கும் அளவு. ஓரிரு மணி நேரத்தில் உறிஞ்சினால் அதில் பெரும்பகுதிதான் கிடைக்கும், முழுதும் கிடைக்காது. பாய்கெர்ட் என்ற ஜெர்மன்காரர் 1897-இலேயே இதைக் கணக்காக எழுதிவைத்துவிட்டார். கையில் 500 வாட்-மணி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது நல்லது.

ஓட்டுகிற பிள்ளையோடு சேர்த்து மொத்தம் 140 கிலோ. சமதரையில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போனால், சக்கரம் உருளும் தடைக்கும் காற்றுத் தடைக்கும் சேர்த்துச் சக்கரத்தில் சுமார் 175 வாட் வேண்டும். மோட்டாரிலும் செயினிலும் போகிற நஷ்டத்தைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 235 வாட் போல எடுக்கும். 500 வாட்-மணிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலேயே ஓடும், 50 கி.மீ. தாண்டும். அதே வண்டியை 40 கி.மீ. வேகத்தில் விரட்டினால் பேட்டரியிலிருந்து 640 வாட் போகும். முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும், 31 கி.மீ. தான் வரும். மேல்மூடி இல்லாத ஒரு சாதாரண வண்டிக்கான உத்தேச எண்கள் இவை. வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் விகிதம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, அதை வெல்லும் திறன் முப்படியில் ஏறுகிறது. பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பது இங்கே இருபது கிலோமீட்டராக மாறி நிற்கும்.

இதே வண்டியை ஆரல்வாய்மொழிப் பக்கம் கொண்டுபோனால் என்ன ஆகும்? முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் கணவாய்க் காற்று வண்டியின் நெஞ்சிலும் அடிக்கும். 20 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று வந்தாலே, அதே 25 கி.மீ. வேகத்துக்கு இரண்டு மடங்கு கரண்ட் ஆகும். மேற்கே குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் போனால் மேடு பள்ளம். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறுகிற மேட்டில் 25 கி.மீ. வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தில் 650 வாட் கேட்கும். 10 கி.மீ. போதும் என்று இறங்கிவந்தால் 235 வாட்டில் ஏறிவிடும். எந்தப் பல்சக்கரம் போடுவது என்ற முடிவு, எந்த ஊரில் ஓடப்போகிறது என்ற கேள்வியில் இருக்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை விதமான நிலம் இருப்பது கணக்கு வாத்தியாருக்கு வரம்.

ஆனால் என் அக்கறை கணக்கு வாத்தியாரைப் பற்றியது அல்ல. இந்த எண்கள் பன்னிரண்டு பேரை எப்படிப் பிணைக்கின்றன என்பதைப் பாருங்கள்.

சட்டகம் செய்கிற பிள்ளைகள் பயந்த சுபாவம் என்றால் தடித்த குழாய் கேட்பார்கள். ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாய், சுவர் 2 மி.மீ. தடிமன் என்றால் மீட்டருக்கு ஏறக்குறைய 1.45 கிலோ. 1.6 மி.மீ. என்றால் 1.2 கிலோ. இருபது மீட்டர் குழாய்க்கு ஐந்து கிலோ அளவுக்கு வித்தியாசம் வரும். சட்டகக்காரர்களுக்கு அது நிம்மதியான தூக்கம். மோட்டார் பார்க்கிறவர்களுக்கு அது மேட்டில் திணறல். அவர்கள் போய் இன்னும் பெரிய பேட்டரி கேட்பார்கள். பேட்டரி கனத்தால் பிரேக் போதாது. பிரேக்கைப் பெரிதாக்கினால் முன் சக்கரத் தாங்கி கனக்க வேண்டும். அதைத் தாங்கச் சட்டகம் இன்னும் தடிக்க வேண்டும். ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்போம், பத்துப் பதினைந்து கிலோ கூடுதலாக.

இதில் ஒருவரும் தப்புச் செய்யவில்லை, அவரவர் பங்கை அவரவர் ஒழுங்காகத்தான் செய்தார்கள். பொறியியலில் குழு வேலை என்பதன் கஷ்டமே இதுதான், சார்ட் எழுதும்போது இது வெளியே தெரிய வாய்ப்பே இல்லை. ஆகவே வேலை தொடங்கும் முன்பே எடையைக் காசு மாதிரிப் பங்கு வைத்துவிட வேண்டும்: சட்டகத்துக்கு இத்தனை கிலோ, பேட்டரிக்கு இத்தனை, ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் இத்தனை, கையிருப்பாக ஐந்து கிலோ. யாருக்காவது அரைக் கிலோ கூடுதலாக வேண்டுமென்றால் இன்னொருவரிடம் கேட்டு வாங்க வேண்டும். ‘உன்னிடமிருந்து எடுக்கிறேன், ஏனென்றால்…’ என்று ஒரு பதினான்கு வயசுப் பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் காரணம் சொல்லி வாதாடுகிற அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். ஒரு மீன் தராசு கரும்பலகைக்குப் பக்கத்தில் தொங்க வேண்டும். வருகிற ஒவ்வொரு பாகமும் அதில் ஏறி, எடை சுவரில் எழுதப்பட வேண்டும். தளர்கிற கைக்கு இந்தச் சுவர்தான் மருந்து, எல்லோர் கணக்கும் எல்லோர் கண்ணிலும் படும்.

இரண்டு பேர் வேலை சந்திக்கிற இடம்

இந்த மாவட்டத்துக்கு ராக்கெட் பெருமை உண்டு. இஸ்ரோவின் தலைவர்களாக வந்தவர்களில் மாதவன் நாயர் குலசேகரத்தில் பிறந்தவர். சிவன் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் மேலசரக்கல்விளைக்காரர், ஊரில் தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்தவர். 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். பள்ளி விழாக்களில் இவர்கள் படம் பெரிதாக இருக்கும், இருக்கட்டும். ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கிற பிள்ளை, ஒரு மேதை தனியாக உட்கார்ந்து ராக்கெட் செய்ததாக நினைத்துக்கொண்டால் அது நம் குற்றம்.

காவல்கிணறு தாண்டினால் மகேந்திரகிரி மலை. திருநெல்வேலி மாவட்டத்து எல்லைக்குள் இருந்தாலும் நம் ஊர்க்காரர்கள் பலர் வேலைக்குப் போகிற இடம். ராக்கெட்டின் திரவ என்ஜின்களை அங்கேதான் ஓட்டிச் சோதிக்கிறார்கள். ராக்கெட்டின் வடிவமைப்பு திருவனந்தபுரத்தில், செயற்கைக்கோள் பெங்களூரில். கடைசியில் ஸ்ரீஹரிகோட்டாவில் எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றும்போது ஒவ்வொரு போல்ட் துளையும் நேருக்கு நேர் வர வேண்டும், ஒவ்வொரு வயர் முனையும் அதனதன் ஜோடியைத் தேடி உட்கார வேண்டும். ஆயிரம் பேர் செய்த வேலை அந்தச் சந்திக்கும் இடங்களில்தான் தேறும் அல்லது தோற்கும்.

தோற்ற கதையும் உண்டு. ஏர்பஸ் ஏ380 விமானத்துக்கு 500 கி.மீ.க்கு மேல் வயர் போகிறது. ஜெர்மனியில் ஹாம்பர்க்கிலும் பிரான்ஸில் துலூஸிலும் இருந்த குழுக்கள் ஒரே வரைபட மென்பொருளின் இரண்டு வேறு பதிப்புகளில் வேலை செய்தார்கள். பாகங்கள் துலூஸுக்கு வந்து சேர்ந்தபோது வயர்கள் நீளம் போதாமல் நின்றன. அந்தத் தாமதம் 2006-இல் பெரிய நெருக்கடியானது. உலகின் தேர்ந்த பொறியாளர்களுக்கே இந்தக் கதி. பள்ளி வண்டியில் நடக்காமல் இருக்குமா?

நடக்கும். எங்கே நடக்கும் என்பதைக்கூட முன்பே சொல்லலாம். முன் சக்கரத்தை முழுக்க ஒடித்துத் திருப்பினால் டயர் பேட்டரிப் பெட்டியில் உரசும். மோட்டார் தாங்கியின் துளையும் சட்டகத்தின் துளையும் மூன்று மி.மீ. தள்ளி நிற்கும். மோட்டாரின் பல்சக்கரமும் பின் சக்கரப் பல்சக்கரமும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல் செயின் கழன்றுகொண்டே இருக்கும். இருக்கையில் உட்காரும் பிள்ளையின் முட்டி ஸ்டீயரிங்கில் இடிக்கும், ஏனென்றால் அளவெடுத்தது குள்ளமான பிள்ளையை, ஓட்ட வந்தது நெட்டையன்.

இதற்கு நான் பார்த்தவரை மலிவான வழி ஒரு தாள். சந்திக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தாள்: இந்த இடத்துக்கு இரண்டு பக்கத்திலும் யார் யார், அளவு என்ன, அந்த அளவு எந்தப் புள்ளியிலிருந்து எடுத்தது, தேதி என்ன, இரண்டு பேர் கையெழுத்து. ‘எந்தப் புள்ளியிலிருந்து’ என்பதை விட்டுவிடக் கூடாது. ஒருத்தி குழாயின் வெளி விளிம்பிலிருந்து அளந்திருப்பாள், இன்னொருவன் நடுவிலிருந்து. இருவர் நோட்டிலும் 300 என்றே இருக்கும். இருவர் மேலும் தப்பில்லை, பாகம் மட்டும் பொருந்தாது. அளவை மாற்ற வேண்டுமென்றால் தாளைக் கிழித்துப் புதிதாக எழுதி மறுபடியும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வாய்ச்சொல்லுக்கு இங்கே மதிப்பில்லை. ‘நான் அன்னைக்கே சொன்னேனே’ என்ற வாக்கியம் காதில் விழுந்தால், எங்கோ ஒரு தாள் எழுதப்படவில்லை என்று அர்த்தம்.

இரும்பை வெட்டுவதற்கு முன்னால் அட்டையிலும் பிவிசி பைப்பிலும் முழு அளவில் ஒன்று செய்துபார்த்துவிடுவதும் உதவும். கம்ப்யூட்டரில் வரைய இலவச மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன, வரையட்டும். ஆனால் நெட்டையனை அட்டை வண்டியில் உட்காரவைத்துப் பார்க்கும்போது தெரிவது திரையில் தெரியாது.

ஸ்பேனர் யார் கையில்

குழு பிரிக்கும்போது நம் பழக்கங்களும் கூடவே வந்து உட்காரும். பெண் பிள்ளைகளுக்கு நோட்டு, கணக்கு, சார்ட். ஆண் பிள்ளைகளுக்கு டிரில்லிங் மெஷின். முதல் ரேங்க் வாங்குகிறவன் கேப்டன். பட்டறை வைத்திருக்கும் அப்பாவின் மகன், இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவன், உண்மையில் எல்லாம் தெரிந்தவன், மூலையில் நின்று போல்ட் எடுத்துக் கொடுப்பான். யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்வதில்லை. தானாக விட்டால் இப்படித்தான் அமையும், அதனால்தான் தானாக விடக் கூடாது.

எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்தில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வழிப் பிள்ளைகள் அப்போதுதான் முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பாடத்தைத் துண்டுகளாக வெட்டி, குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டைக் கொடுத்தார். ஒருவனுடைய துண்டு இன்னொருவனிடம் இல்லை. அவனைக் கேலி செய்தால் அந்தத் துண்டு கிடைக்காது. பரீட்சை நெருங்கும்போது கேலி நின்று, ‘திரும்பச் சொல்லு’ என்பது தொடங்கியது.

நம் மாவட்டத்திலும் கடற்கரைப் பிள்ளைகள் ஒரு பக்கம், உள்நாட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று தனித்தனியாக உட்கார்கிற வகுப்புகள் உண்டு. கார் வேலையில் இந்த வெட்டி ஒட்டும் முறையைச் செயற்கையாகக் கொண்டுவர வேண்டியதில்லை. வண்டிக்கு மேல்மூடி செய்ய ஃபைபர் வேலை வேண்டும். துணி விரித்து ரெசின் தடவி அடுக்கு அடுக்காக ஏற்றுவதைக் கடற்கரையில் வள்ளம் பழுது பார்க்கும் இடத்தில் தினமும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது கைவந்த விஷயம். சைக்கிள் கடைக்காரர் மகளுக்குச் சக்கரத்தின் கோட்டம் எடுக்கத் தெரியும். ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்கு மேட்டில் சுமை ஏற்றிய வண்டி எப்படிப் பின்னால் இழுக்கும் என்று தெரியும். மார்க் பட்டியலில் கடைசியில் இருக்கும் பெயர் இங்கே திடீரென்று மேலே வந்துவிடும். அதைப் பார்த்து முதல் ரேங்க்காரன் முகம் போகிற போக்கும் கல்வியில் சேர்த்திதான்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பை மாற்றினால் நல்லது. முழுக்க மாற்றினால் வேலை நின்றுவிடும். ஒவ்வொரு பகுதியிலும் ஒருவர் தங்க, ஒருவர் நகர வேண்டும்.

மதிப்பெண் போடுவது எப்படி என்ற கேள்வி கண்டிப்பாக வரும். வண்டி ஓடியதா என்பதற்கு மார்க் போட்டால், கடைசி வாரத்தில் அப்பாக்கள் வந்து வண்டி செய்வார்கள். நோட்டுக்கு மட்டும் போட்டால் நோட்டு அழகாக இருக்கும். எனக்குப் பிடித்த முறை மாற்றிக் கேட்பது: பிரேக் செய்தவளிடம், பேட்டரியை ஏன் இருக்கைக்குப் பின்னால் வைத்தீர்கள் என்று கேட்க வேண்டும். பேட்டரிக்காரனிடம், பிரேக் ஒயர் ஏன் அந்த வழியாகப் போகிறது என்று கேட்க வேண்டும். அவள் பதில் சொன்னால் இரண்டு பேருக்கும் மார்க், சொல்லவில்லையென்றால் இரண்டு பேருக்கும் இல்லை. அடுத்தவனுக்குப் புரியவைப்பது என் வேலையின் பகுதி என்று அப்போது தெரியும்.

ஆசிரியரின் வேலை, தெரிந்த பதிலையும் கொஞ்சம் அடக்கி வைத்துக்கொள்வது. ‘சார், இது சரியா?’ என்று வந்தால், ‘பிரேக் பாக்குறவகிட்ட கேட்டியா மக்ளே?’ என்று திருப்பி அனுப்ப வேண்டும். பட்டறை அண்ணனிடமும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். அவர் அரை நாளில் மொத்தச் சட்டகத்தையும் ஒட்டிக் கொடுத்துவிடுவார், அன்பாகவே செய்வார். வண்டி வந்துவிடும், பாடம் வராது. வெல்டிங் பெரியவர்கள் கையில் இருக்கட்டும், அது சரிதான். எங்கே வெட்டுவது, எந்தக் கோணத்தில் ஒட்டுவது என்று சாக்பீஸால் குறிப்பது பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும். தப்பாகக் குறித்தால் தப்பாகவே ஒட்டித் தரச் சொல்ல வேண்டும். இதற்குத்தான் பட்டறை அண்ணன் லேசில் சம்மதிக்க மாட்டார்.

நேரம், காசு, ரோடு, உப்பு

பத்தாம் வகுப்பும் பன்னிரண்டும் பொதுத்தேர்வு, அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியாது. 2018 முதல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு இருந்தது. 2025-இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டதால் ஒன்பதோடு பதினொன்றும் இப்போது கொஞ்சம் மூச்சு விடுகிறது. இரண்டு வகுப்பையும் கலந்து குழு அமைத்தால், பதினொன்று ஒன்பதுக்குச் சொல்லிக்கொடுக்கும்.

அடல் டிங்கரிங் லேப் கிடைத்த பள்ளிகளில் ஓரளவு கருவிகள் இருக்கும். மத்திய அரசு 2016-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம், ஆறு முதல் பன்னிரண்டு வரை படிப்பவர்களுக்கானது. லேப் இல்லாத பள்ளி, பழைய எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் மோட்டாரையும் சைக்கிள் கடைச் சாமான்களையும் வைத்துத் தொடங்கலாம். மொத்தமாகக் கிட் வாங்கிவிடுவது பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. பெட்டியைப் பிரித்து, படம் பார்த்துப் பூட்டும் வேலையில் சந்திக்கும் இடங்களை எல்லாம் வேறு யாரோ முன்பே தீர்த்துவைத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு மிஞ்சுவது ஸ்பேனர் சுற்றுவது மட்டும்.

ரோட்டில் ஓட்டக் கூடாது. 250 வாட்டுக்கும் 25 கி.மீ.க்கும் உட்பட்ட வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாமே என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சலுகை அங்கீகரிக்கப்பட்ட அமைப்பில் சோதித்துச் சான்று பெற்ற வண்டிகளுக்கானது, வீட்டில் செய்ததற்கு அல்ல. பள்ளி மைதானம் போதும். போட்டி வைத்தாலும் வேகப் போட்டி வேண்டாம், ஒரே சார்ஜில் யார் அதிக தூரம் என்று வையுங்கள். ஷெல் எகோ-மாரத்தான் என்று இன்று பெரிதாக நடக்கும் மைலேஜ் போட்டியே 1939-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வகத்து ஊழியர்கள் தங்களுக்குள் கட்டிய பந்தயத்தில் தொடங்கியதுதான். அன்று ஜெயித்த வண்டி லிட்டருக்கு 21 கி.மீ. கொடுத்தது. தூரப் போட்டியில் ஓட்டுகிறவரின் வீரத்தைவிட எல்லோருடைய கணக்கும் பேசும், அடிபடுகிற பயமும் குறைவு.

பாதுகாப்பில் மட்டும் ஜனநாயகம் கிடையாது. பேட்டரிக்கு ஒட்டினாற்போல ஃப்யூஸ், ஓட்டுபவருக்கும் வெளியே நிற்பவருக்கும் கைக்கெட்டும் இடத்தில் மொத்தத்தையும் அணைக்கும் சுவிட்ச், பேட்டரி வேலையின்போது கையில் மோதிரம், வளையல், கழுத்தில் செயின் கூடாது. லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். தனித்தனி லித்தியம் செல்களை வாங்கி ஒட்டிப் பேட்டரி செய்கிற வீடியோக்களைப் பிள்ளைகள் காட்டுவார்கள். பள்ளியில் அது வேண்டவே வேண்டாம்.

இந்த ஊருக்கென்று ஒரு பகை உண்டு: உப்புக்காற்று. கடற்கரைப் பள்ளிகளில் வயர் முனைகள் சீக்கிரம் பச்சை பூக்கும். முனையில் 0.05 ஓம் தடை ஏறினால்கூட, 20 ஆம்பியர் ஓடும்போது அங்கே 20 வாட் சூடு பிறக்கும், ஏறக்குறைய ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவு. மேட்டில் 40 ஆம்பியர் இழுத்தால் 80 வாட். பிளாஸ்டிக் உருகும் வாசனை வந்தபிறகுதான் தெரியும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் வேறு. முனைகளைத் துடைத்து வாசலைன் தடவுவது வாரம் ஒருமுறை யாராவது செய்ய வேண்டிய வேலை. அந்த ‘யாராவது’ என்ற சொல்தான் ரிங்கல்மனின் கயிறு.

அதைவிடச் சிக்கலான ‘யாராவது’ ஏப்ரல், மே மாதங்களில் வரும். லெட் ஆசிட் பேட்டரி சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கும். இறங்கிய நிலையில் கிடந்தால் ஈயத் தகட்டில் ஈய சல்பேட் என்ற உப்பு படிந்து இறுகும், ஜூனில் வந்து சார்ஜ் போட்டால் பழைய கொள்ளளவு திரும்பாது. வண்டி செய்தவர்கள் அடுத்த வகுப்புக்குப் போயிருப்பார்கள், புதிய குழு இன்னும் அமைந்திருக்காது, ஆசிரியருக்கு மாற்றல் வந்திருக்கலாம். லேப் சாவி யாரிடம் இருக்கிறது, பள்ளிக்குப் பக்கத்தில் வீடு இருக்கும் பிள்ளை யார், மாதம் ஒருமுறை வந்து சார்ஜரைச் சொருகிவிட்டு மாலையில் கழற்றிவிட்டுப் போக யார் ஒத்துக்கொள்கிறார், அவரும் ஊருக்குப் போய்விட்டால் இன்னொருவர் யார்: இரண்டு பெயரையும் மார்ச் மாதமே எழுதி, மற்ற தாள்களோடு சுவரில் ஒட்டிவிட வேண்டும்.